‘இது இப்ப உங்க படம், மிஸ்’

கேள்வி:

நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. ஒரு பள்ளியில் நாலாம் வகுப்புக்கு ஓவியம் எடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 38 பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு 40 நிமிட வகுப்பு. மூன்று வகுப்பு முடிந்தது, மூன்றும் மூன்று விதமாகச் சொதப்பியது. முதல் வாரம் போர்டில் வட்டம், முக்கோணம் என்று படிப்படியாக ஒரு பறவையைப் போட்டுக் காட்டினேன். 38 பேரும் அதே பறவையைப் போட்டார்கள். வகுப்பாசிரியைக்கு ரொம்பப் பிடித்திருந்தது, எனக்குத்தான் ஏதோ அச்சகத்தில் நிற்பதுபோல் இருந்தது. இரண்டாம் வாரம் “உங்களுக்குப் பிடிச்சதை வரையுங்க” என்று விட்டுவிட்டேன். பாதிப் பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு. மீதிப் பேர் “என்ன மிஸ் வரையறது?” என்று என்னைச் சுற்றி நின்றார்கள். அன்று ஒரு பையன் நாய் வரைந்தான், நான்கு காலும் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருந்தன. அவன் பென்சிலை வாங்கி இரண்டு காலை மட்டும் திருத்திக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது இப்ப உங்க படம், மிஸ். எனக்கு வேற பேப்பர் குடுங்க” என்றான். மூன்றாம் வாரம் பெயின்ட். தண்ணீர் கொட்டி, எல்லார் தாளும் சேற்று நிறமாகி, பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். பெயின்டை வகுப்பில்தான் முதல்முறையாகத் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓவியத்தில் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டுமா? “நல்லா இருக்கா மிஸ்?” என்று கேட்டால் என்ன சொல்வது? மார்க் வேறு போடச் சொல்கிறார்கள். இதெல்லாம் போக, எனக்கே அவ்வளவாக வரைய வராது. நான் இந்த வேலைக்குச் சரிப்படுவேனா?

பதில்:

பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், சரி, போடவில்லை. கடைசிக் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம்: சரிப்படுவீர்கள். முதல் நாள் 38 பறவையும் ஒன்றுபோல வந்து, மேலே இருப்பவரும் பாராட்டிய பிறகும் உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் வராமலே வருடக்கணக்காக ஓவியம் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

இனி அந்த நாய். பெயின்ட் கொட்டியதைவிட, பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்ததைவிட, உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம் அதுதான். கடிதத்தில் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அந்தப் பையன் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சிறுமி அம்மாவின் முகத்தை வரைந்துகொண்டிருந்தாள், கண் இரண்டும் நெற்றியில் இருந்தன. (பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களில் பெரும்பாலோரும் கண்ணை மேலே ஏற்றித்தான் போடுவார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நட்ட நடுவில்தான் கண் இருக்கிறது, வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள்.) நான் பென்சிலை வாங்கிக் கண்ணைக் கீழே இறக்கி, பெருமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பீரியட் முடியும்வரை உட்கார்ந்து, என் கோடுகளை மட்டும் தேடித் தேடி ரப்பரால் அழித்தாள். நான் அழுத்திப் போட்டிருந்ததால் முழுதாகப் போகவில்லை, தாள்தான் தேய்ந்து பஞ்சாகிவிட்டது. உங்கள் பையனாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான், அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன்: பிள்ளையின் தாளில் என் பென்சில் படாது. கெஞ்சினாலும் படாது, “நீங்களே போட்டுக் குடுங்க மிஸ்” என்று கண் கலங்கினாலும் படாது. எதையாவது காட்டியே ஆக வேண்டுமென்றால் என் கையில் ஒரு கிழிசல் தாள் இருக்கும், அதில் காட்டிவிட்டு அதை மடித்து என் பையிலேயே போட்டுக்கொள்வேன், அங்கே விட்டுவந்தால் அதைப் பார்த்து அப்படியே போட்டுவிடுவார்கள்.

ஆனால் தாளைத் தொடாமல் இருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அர்த்தமில்லை, உங்கள் முதல் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்த நான்கு கால்கள் தப்பு என்று நினைத்துத் திருத்தினீர்கள். அது ஒருவிதத்தில் உண்மைத் தகவல். நாய்க்கு நான்கு கால், அவன் நான்கையும் காட்டியிருக்கிறான், எதையும் மறைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஆன்ரி லுக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் தன் மகள் வரைந்த படங்களை எல்லாம் சேர்த்துவைத்து ஆராய்ந்தார். சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம். வீட்டுக்கு வெளியே நின்று வரைந்தாலும் உள்ளே இருக்கும் மேசையும் நாற்காலியும் சுவரை ஊடுருவித் தெரிவது அதனால்தான். 1972இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கோப்பையை வைத்துச் சோதித்தார்கள். கைப்பிடி பின்பக்கம் மறைந்திருக்கும்படியும், கோப்பையில் இருக்கும் பூ முன்னால் தெரியும்படியும் திருப்பி வைத்துவிட்டு, தெரிவதை வரையச் சொன்னார்கள். சுமார் எட்டு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத கைப்பிடியைப் போட்டார்கள், கண்ணெதிரே இருந்த பூவை விட்டுவிட்டார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் பூவைப் போட்டுக் கைப்பிடியை விட்டார்கள். சின்னவர்களைப் பொறுத்தவரை கைப்பிடி இல்லாவிட்டால் அது கோப்பையே இல்லை.

உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் சரியாக இந்தப் பாலத்தைக் கடக்கிற வயதில் நிற்கிறார்கள். சிலர் கடந்துவிட்டார்கள், சிலர் நடுப்பாலத்தில், உங்கள் பையன் இன்னும் இந்தக் கரையில். ஓவியக் கல்வியைப் பற்றி 1947இல் விரிவாக எழுதிய விக்டர் லோவன்ஃபெல்ட், ஏறக்குறைய ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரையிலான காலத்தை ஒரு தனிப் பருவமாகவே பிரித்தார். படம் நிஜம்போல இருக்க வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் முளைக்கும். கண் முன்னே ஓடிவிடும், கை பின்னாலேயே நிற்கும். போன வருடம் வரை கேட்காமலே சுவரெல்லாம் கிறுக்கிய பிள்ளை திடீரென்று ரப்பர் ரப்பர் என்று தேய்க்கும், தாளைக் கசக்கும், “எனக்கு வரைய வராது” என்று கையால் மறைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுக்க வரைவதை விட்டுவிடுவது இந்த வயதையொட்டித்தான். அதனால் நாலாம் வகுப்பில் “அவர்கள் போக்கில் விடுகிறேன்” என்று ஒதுங்குவது எனக்குக் கைவிடுவதாகத்தான் படுகிறது. நாலு வயதுப் பிள்ளையிடம் ஒதுங்கி நில்லுங்கள், தப்பில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உதவி வேண்டும், ஆனால் அந்த உதவி கையில் இல்லை, பார்வையில்.

நாய்க்காலுக்கு நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? அவனையோ, அவனுடைய கூச்சமில்லாத நண்பன் ஒருவனையோ தரையில் கையையும் காலையும் ஊன்றி நாய் மாதிரி நிற்கச் சொல்லியிருப்பேன். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். “இந்தப் பக்கத்துலேர்ந்து பாரு, எத்தனை கால் முழுசாத் தெரியுது? மறைஞ்ச கால் எதுக்குப் பின்னாடி இருக்கு? தரையை எங்கே தொடுது?” அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவன் சீப்புப் பல் மாதிரியே போட்டால் போடட்டும், அவன் இன்னும் அந்தப் பாலத்தை ஏறவில்லை என்று அர்த்தம், அடுத்த மாதம் ஏறுவான். ஆனால் நூற்றில் ஒருவனாவது “ஓ” என்று ஒரு சத்தம் போடுவான், அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.

முதல் வாரத்துப் பறவைக்கு வருகிறேன். அது பாவம் ஒன்றும் இல்லை. படிப்படியாகப் போட்டுக் காட்டுவதைத் தீண்டத்தகாத காரியம்போலப் பேசுகிறவர்கள் உண்டு, லோவன்ஃபெல்ட்டே வண்ணம் தீட்டும் புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்தவர்தான், நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். கை நடுங்குகிற ஒரு பிள்ளைக்கு முழுதாக ஒரு பறவை தன் தாளில் வந்துவிட்டது என்பதே பெரிய சந்தோஷம். ஆனால் அங்கே அவர்கள் கற்றது சொன்னபடி செய்வதை, பறவையை அல்ல. அடுத்த நாள் ஜன்னலில் ஒரு நிஜப் பறவை வந்து உட்கார்ந்தால் அந்த வட்டமும் முக்கோணமும் உதவாது. போர்டில் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் ஒரே பொருளை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுங்கள், ஒன்று கோடாக, ஒன்று நிழலாக, ஒன்று மேலிருந்து பார்ப்பதாக, அப்புறம் அவர்கள் பென்சிலை எடுக்கும் முன் டஸ்டரால் முழுக்க அழித்துவிடுங்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் அழிக்க வேண்டும், போர்டில் படம் இருக்கும்வரை 38 தலையும் அங்கேதான் திரும்பும்.

இரண்டாம் வாரத்து மலையும் சூரியனும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் எங்கிருந்து வந்தது? படங்களிலிருந்து. மற்றப் பிள்ளைகளின் படங்கள், அட்டைப் படங்கள், அண்ணன் அக்கா நோட்டு. பிள்ளைகள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் படம் கற்கிறார்கள் என்று 1977இல் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் எழுதியபோது, குழந்தையின் ஓவியம் உள்ளேயிருந்து தானாக ஊறி வருவது என்று நம்பிக்கொண்டிருந்த பலருக்கும் அது கசந்தது. எனக்கு அது வகுப்பறையில் தினமும் பார்க்கிற விஷயம்தான். எதை வேண்டுமானாலும் வரை என்றால் பிள்ளைக்கு முதலில் கைக்கு வருவது ஏற்கெனவே மனப்பாடமான படம். முழுச் சுதந்திரம் கொடுத்தோம் என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் பழைய படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். குழந்தைகளின் கலைச் சுதந்திரம் என்றதும் எல்லாரும் எடுத்துக்காட்டும் ஃபிரான்ஸ் சிசெக், 1897இல் வியன்னாவில் சிறுவர் ஓவிய வகுப்பைத் தொடங்கியவர், அவருடைய வகுப்பிலிருந்து வந்த படங்களிலேயே ஒரு பொதுச் சாயல் இருந்ததைப் பிற்பாடு பலர் சுட்டிக்காட்டினார்கள். ஆசிரியர் வாய் திறக்காவிட்டாலும் எதைப் பார்த்து முகம் மலர்கிறார் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் முறையா சுதந்திரமா என்று இரண்டு கட்சி கட்டாதீர்கள். சின்னதாக ஒரு வேலி போடுங்கள், உள்ளே எப்படி ஓடினாலும் சரி என்று விடுங்கள்.

வேலி என்றால் எப்படி? அவரவர் வலதுகால் செருப்பையோ ஷூவையோ கழற்றி மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள் (தாள் விரித்து அதன்மேல்தான்). ஒரு தாளை மூன்றாக மடித்து, மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, மூக்குக்கு நேராக முன்பக்கம் ஒன்று. மனப்பாடமாக ஒரு செருப்புப் படம் யாரிடமும் கிடையாது, அதுவும் முன்பக்கத்திலிருந்து கிடையவே கிடையாது. பார்த்தே ஆக வேண்டும். 38 செருப்பும் 38 விதமாகத் தேய்ந்திருக்கும், ஒருவனுடையதில் வார் அறுந்திருக்கும், அந்த அறுந்த வாரைத்தான் அவன் உயிரைக் கொடுத்து வரைவான்.

இன்னொன்று, தாளைப் பார்க்காமல் வரைவது. இடது கையைக் கண்முன் விரித்து வைத்துக்கொண்டு, கண் எறும்பு மாதிரி அதன் ஓரமாக மெல்ல ஊர வேண்டும், அதே வேகத்தில் பென்சில் தாளில் ஊர வேண்டும், தாளை ஒரு தடவைகூடப் பார்க்கக் கூடாது. ஓவியம் கற்பிப்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் பயிற்சி இது, கிமோன் நிக்கலைடிஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் பரவலாக்கியது. படம் கோணல்மாணலாகத்தான் வரும், எல்லாருக்கும் வரும், நன்றாக வரைகிறவள் என்று பேர்வாங்கிய பெண்ணுக்கும் வரும், உங்களுக்கும் வரும். “எனக்கு வரைய வராது” என்று கையால் தாளை மூடிக்கொள்கிற பிள்ளை முதல்முறையாகத் தாளைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பதை இந்தப் பயிற்சியில்தான் பார்த்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பு தானாக அமைதியாகிவிடும், வகுப்பாசிரியையும் சந்தோஷப்படுவார்.

கற்பனைப் படம்தான் வேண்டுமென்றாலும் தலைப்பை மொட்டையாகக் கொடுக்காதீர்கள். “மழை” என்றால் குடையும் கோடுகளும்தான் வரும். “மழை திடீர்னு பிடிச்சுக்கிச்சு, கையில குடை இல்ல, ஓடறீங்க. அப்ப உங்க பை எங்கே இருந்தது? முடி எப்படி இருந்தது? காலுக்குக் கீழே என்ன?” என்று இரண்டு நிமிடம் பேசுங்கள், எழுந்து நின்று அந்த ஓட்டத்தை நின்ற இடத்திலேயே ஓடிக் காட்டச் சொல்லுங்கள். உடம்பு ஞாபகம் வைத்திருக்கும், அதிலிருந்து படம் வரும்.

இப்போது பெயின்ட், இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். வகுப்பில் முதல்முறையாக டப்பாவைத் திறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் இனி செய்யாதீர்கள். பிள்ளைகள் செய்யப்போகிற அதே வேலையை, அதே தாளில், அதே மட்டமான பிரஷ்ஷில், முந்தின நாள் நீங்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும். உங்கள் வீட்டிலிருக்கும் நல்ல பிரஷ்ஷில் செய்து பார்த்தால் கணக்கில்லை. தாள் எவ்வளவு தண்ணீர் தாங்குகிறது, எத்தனை நிமிடத்தில் காய்கிறது, டப்பா மூடி எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் பாடக் குறிப்பில் வராது, கையில்தான் தெரியும். எனக்கு அவ்வளவாக வரைய வராது என்ற உங்கள் கவலைக்கும் பதில் இதுதான். அழகாக வரையத் தெரிந்தவரைவிட, இந்த வேலையில் எங்கே கஷ்டப்படும் என்று நேற்று ராத்திரி கண்டுபிடித்து வந்தவர் நல்ல ஆசிரியராக இருப்பார். வரைய வராதவர்களுக்கு எங்கே முட்டும் என்பது நன்றாகத் தெரியும், வெகு சுலபமாக வரைகிறவர்களுக்கு அதை விளக்கவே தெரியாது.

சேற்று நிறம் ஏன் வந்தது? பெயின்ட் என்பது வெளிச்சத்தை விழுங்குகிற பொருள், ஒவ்வொரு நிறமும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றாகக் கலந்தால் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும், மிஞ்சுவது பழுப்பும் சாம்பலும்தான். பன்னிரண்டு நிற டப்பாவை முழுதாகத் திறந்துவைத்து, ஒரே கப் தண்ணீரில் எல்லா பிரஷ்ஷையும் முக்கினால் வேறென்ன வரும்? அதனால் அடுத்த முறை ஒரு குழுவுக்கு மஞ்சள், நீலம், இரண்டு மட்டும் கொடுங்கள். எத்தனை பச்சை வரும் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் குறைந்தது ஐந்து பச்சை, ஒவ்வொன்றுக்கும் அவர்களே ஒரு பெயர் வைக்க வேண்டும். எனக்கு இதுவரை கிடைத்த பெயர்களில் பிடித்தது “மறந்துபோன தண்ணித் தொட்டி”. மஞ்சளில்தான் நீலத்தைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும், நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கப் போனால் டப்பா மஞ்சள் முழுதும் தீர்ந்தாலும் நிறம் அசையாது, இதை நீங்கள் சொல்லக்கூட வேண்டாம், ஒரு மேசையில் யாராவது அப்படிச் செய்து அலறுவார்கள், எல்லாரையும் அங்கே கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். அடுத்த வாரம் சிவப்பு. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், உங்கள் டப்பாவில் அழுக்குப் பழுப்புதான் வரும், ஏனென்றால் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் மஞ்சளும் ஒளிந்திருக்கிறது. ரோஸ் பக்கம் சாய்ந்த சிவப்பை எடுத்தால் ஊதா தெளிவாக வரும். முந்தின நாள் செய்து பார்த்திருந்தால் இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும், அதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீர்: அகலமான, அடி கனமான கிண்ணம், மூன்றில் ஒரு பங்கு மட்டும். நாலு பேருக்கு ஒன்று, மேசை நடுவில், ஓரத்தில் இல்லை. பக்கத்தில் ஒரு பழைய துணி, பிரஷ்ஷைக் கழுவியதும் துணியில் ஒற்றிவிட்டுத்தான் அடுத்த நிறம். பேச வேண்டியதை எல்லாம் பெயின்ட் மேசைக்கு வரும் முன் பேசி முடித்துவிடுங்கள், பிரஷ் கைக்கு வந்த பிள்ளைக்குக் காது அடைத்துவிடும். பெயரைத் தாளின் பின்பக்கம் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள், ஈரத் தாளில் எழுத முடியாது. 40 நிமிடத்தில் கடைசிப் பத்து நிமிடம் கழுவ, துடைக்க, காயவைக்க. பத்து நிமிடமா என்று தோன்றும், பத்தும் போதாது.

சத்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைச் சத்தம் என்று ஒன்று, வேலையில்லாச் சத்தம் என்று ஒன்று, கண்ணை மூடிக் கேட்டாலே வித்தியாசம் தெரியும். வகுப்பாசிரியையிடமும் பக்கத்து வகுப்பிலும் “இன்னைக்குப் பெயின்ட், கொஞ்சம் சத்தம் வரும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முன்னால் சொல்லிவிட்டால் பாதிக் கோபம் போய்விடும்.

“நல்லா இருக்கா மிஸ்?”

இந்தக் கேள்விக்கு நான் பல வருடம் “சூப்பர்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பீரியடில் 38 சூப்பர் சொன்னால் முப்பத்தொன்பதாவது சூப்பருக்கு என்ன மதிப்பு? அதைவிட மோசம், பிள்ளை அடுத்த கோட்டைப் போடும் முன் உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையாக இருந்த மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு குழுவிடம் வரைந்தால் ரிப்பனும் தங்க முத்திரையும் வைத்த சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, பரிசு என்று சொல்லி வரையவைத்த பிள்ளைகள் மற்ற இரண்டு குழுவினரைவிடப் பாதி நேரமே பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஸ்டார் ஒட்டுகிறேன், ஸ்மைலி போடுகிறேன் என்று ஆசைகாட்டி வரையவைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பதிலுக்கு என்ன சொல்வது? கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள். “இந்த ஓரத்துல மட்டும் அழுத்திப் போட்டிருக்கியே, ஏன்?” “இந்த நாய் எங்கேயோ போகுதே, எங்கே?” இது என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது நாய் என்பது அவனுக்கு அப்பட்டமாகத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவன் தோற்றான் என்று அர்த்தம். “இதைப் பத்திச் சொல்லு” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ கண்டறிந்தார், மூன்று நொடியாக்கினாலே பதில் நீளமாகிறது. மூன்று நொடி வகுப்பில் ஒரு யுகம் மாதிரி இருக்கும், மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். ஆனால் இதையும் ஒரு மந்திரமாக்கிக்கொள்ள வேண்டாம். சில நாள் ஒரு பிள்ளைக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, “ஆமாண்டா, எனக்குப் பிடிச்சிருக்கு” என்ற ஒரு வார்த்தைதான் வேண்டும், அது உண்மையாக இருந்தால் தாராளமாகச் சொல்லிவிடுங்கள்.

மார்க். போடத்தான் வேண்டும் என்றால், எதற்குப் போடப் போகிறீர்கள் என்பதை வரையும் முன்பே சொல்லிவிடுங்கள்: மூன்று பக்கமும் பார்த்து வரைந்தாயா, ஐந்து பச்சை வந்ததா, பெயர் வைத்தாயா, மேசையைத் துடைத்தாயா. அழகுக்கு மார்க் போடாதீர்கள், அது பெரும்பாலும் வீட்டில் கலர் டப்பா இருக்கிற பிள்ளைக்குப் போடுகிற மார்க்தான். முடிந்தால் எல்லாத் தாளையும் தேதி போட்டு ஒரு உறையில் சேர்த்துவையுங்கள், ஜூன் மாதத்து நாயை டிசம்பர் மாதத்து நாயோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பிள்ளைக்கே தெரியும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கடைசியாக அந்தப் பையன். அவன் திருப்பிக் கொடுத்த படம் உங்களிடம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படிப்பட்ட படத்தை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். அடுத்த வகுப்பில் எல்லாரும் வேலையைத் தொடங்கிய பிறகு அவன் மேசைக்குப் போய், பக்கத்தில் குனிந்து, “உன் நாயோட காலை நான் தொட்டிருக்கக் கூடாது” என்று சொல்லுங்கள். வகுப்புக்கே கேட்கிற மாதிரி வேண்டாம், பெரிய மன்னிப்பும் வேண்டாம், அந்த ஒரு வரி போதும். அவன் அதை மறந்தே போயிருக்கலாம், “எந்த நாய்?” என்று கேட்டாலும் கேட்பான். இரண்டு புதுத் தாளை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுங்கள். இந்தமுறை அவன் நாய் வரைந்தால், எத்தனை கால் போடுகிறான் என்று தூரத்திலிருந்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.